மலையகக் கதைகளைக் கணக்கோடு வாசிப்பது எப்படி

இலங்கையின் மலையகத்தில், அட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தின் வாசிகசாலையில், உயர்தர வகுப்பில் தமிழ் படிக்கும் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கதை வாசிப்பது என் வழக்கம். ஒரு ஞாயிறு அடைமழை பிடித்துக்கொண்டதால் வாசிகசாலைக்கு ஏறிப் போக முடியாமல், மாணவி ஒருத்தியின் லயத்துக் காம்பிராவின் (தொழிலாளர் வரிசைவீட்டு அறையின்) இஸ்தோப்பிலேயே, அதாவது முன்திண்ணையிலேயே உட்கார்ந்து, கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தியைப் பற்றிய கதையை உரத்து வாசித்தோம். மாலையில் கூடை நிறுக்கப்படுகிறது. அவள் வீட்டுக்குப் போகிறாள். இரவு புருஷனோடு சண்டை வருகிறது. விடிந்ததும், வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்கு மறுபடி போகிறாள். சண்டைக்குக் காரணம் புருஷனின் குடியா, அவளுடைய பிடிவாதமா என்று பிள்ளைகள் வாதாடிக்கொண்டிருந்தபோது, அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த மாணவியின் அம்மாயி அங்கிருந்தபடியே கேட்டார்: ‘தண்ணிக்கு எத்தனை கிலோ கழிச்சாங்கன்னு போட்டிருக்குங்களா மாஸ்டர்?’

போட்டிருந்தது. கொழுந்தில் ஒட்டிய மழைத்தண்ணிக்காக இரண்டு கிலோ. என் வாயால் வாசித்த அந்த எண் என் காதில் விழாமலே போயிருந்தது. ‘அப்ப அவளுக்கு அன்னைக்குப் பேரு விழுந்திருக்காதுங்களே. அரைப்பேரோட வீட்டுக்குப் போனா சண்டை வராம என்ன செய்யும்?’ என்றார் அவர். பேர் என்பது ஒருநாள் கூலி, அரைப்பேர் அதில் பாதி. நாங்கள் குணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் கணக்கைப் பற்றிப் பேசினார். கதையை எழுதியவரும் கணக்கைத்தான் எழுதியிருந்தார்.

மலையக மக்களின் துயரத்தைப் புனைகதை எவ்வாறு காட்டுகிறது என்று அறிய விரும்பும் மாணவர்களுக்கும், அவர்களுக்குக் கற்பிப்பவர்களுக்கும், தோட்டத்தை வெளியிலிருந்து மட்டும் பார்த்த வாசகர்களுக்கும் அந்த அம்மாயியின் கேள்வியிலிருந்தே ஒரு வாசிப்பு முறையைச் சொல்ல முயல்கிறேன். நல்ல மலையகக் கதையில் துயரம் கண்ணீரில் சொல்லப்படுவது குறைவு. கடனிலும், நிறுவையிலும், காம்பிராவின் அகலத்திலும், ஒரு தாளில் இருக்கும் அல்லது இல்லாத முத்திரையிலும் அது சொல்லப்படுகிறது. அந்த இடங்களில் நின்று வாசிக்கப் பழகினால், முன்பு ‘ஒன்றும் நடக்காத கதை’ என்று தள்ளிவைத்த கதைகளும் பேசத் தொடங்கும்.

முதலில் காலத்தைக் கண்டுபிடியுங்கள்

எந்தக் கதையை எடுத்தாலும் முதல் வாசிப்பில் செய்யவேண்டியது ஒன்றுதான்: இது எந்தக் காலத்துத் தோட்டம் என்று தெரிந்துகொள்வது. ஆசிரியர் ஆண்டைச் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் பொருள்கள் சொல்லிவிடும். கொழுந்து இறாத்தலில் நிறுக்கப்படுகிறதா, கிலோவிலா? குடும்பம் கால்நடையாக வருகிறதா, கோச்சியில் (ரயிலில்) வருகிறதா? அதிகாரம் ஆள் திரட்டி வேலை வாங்கும் பெரிய கங்காணியின் கையில் இருக்கிறதா, தொழிற்சங்கத் தலைவரும் பேச்சில் வருகிறாரா? தோட்டத்தை நடத்தும் துரை வெள்ளைக்காரரா, உள்ளூர்க்காரரா? இவற்றை ஓரக்குறிப்பாக எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்கு வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்கவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் திறக்கப்பட்டபோது, திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய பகுதிகளிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கோப்பி பருவப் பயிர் ஆகையால் அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கும் மேற்பட்ட காட்டுவழியை மாத்தளை வரை நடந்தே கடந்த அவர்களில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். 1869 ஆம் ஆண்டில் கோப்பிச் செடியைப் பீடித்த இலைநோய் அந்தப் பயிரையே அழித்துவிட, அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிர் அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கவேண்டும், அதற்குப் பெண்களின் கைகள் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கொண்டுவந்து லயங்களில் குடியேற்றினார்கள். 1876 தொடக்கம் 1878 வரை தமிழகத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சமும் பல உழவர் குடும்பங்களைக் கப்பலுக்குத் துரத்தியது.

இந்த வேறுபாடு கதைகளின் வடிவத்திலேயே தெரியும். கோப்பிக் காலத்தைச் சொல்லும் கதை வழிநடைக் கதையாக இருக்கும். அதில் சாவு பாதையோரத்தில் நிகழும். தேயிலைக் காலக் கதை காம்பிராவுக்குள் நடக்கும். அதில் சாவு மெதுவாக வரும். 2023 ஆம் ஆண்டில், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்து சென்றார்கள். அந்த நடையைப் பற்றிப் பேசிய பிறகு வழிநடைக் கதையொன்றை வாசித்தபோது, என் மாணவர்கள் அதுவரை கேட்காத கேள்வியைக் கேட்டார்கள்: ‘கைப்பிள்ளை வச்சிருந்தவங்க எப்படி சேர் நடந்தாங்க?’ அதன்பிறகு கதைக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

கடன்

இரண்டாம் வாசிப்பில் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். பணம், எடை, நாள், அளவு என்று எண் வரும் இடத்திலெல்லாம் கோடிடுங்கள். முதலில் கடனைப் பின்தொடருங்கள்.

ஊரில் கங்காணி கொடுத்த முற்பணத்திலிருந்துதான் இந்தக் குடும்பங்களின் வாழ்வு தொடங்குகிறது. வழிச்செலவு, சோறு, கம்பளி, எல்லாம் பேரேட்டில் ஏறும். தோட்டத்துக்கு வந்துசேரும்போது தொழிலாளி ஏற்கெனவே கடனாளி. அவன் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இன்ன தொகையைக் கட்டினால் இவனை விடுவிக்கலாம் என்று எழுதப்பட்ட ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டியதும் கடனும் அவனோடு இடம் மாறும். துண்டு முறை 1921 ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. ஆனாலும் கதைகளில் கடன் ஒழியவில்லை. கடைக்காரரிடம் வாங்கும் அரிசிக்கான கடன், தீபாவளிக்கு வாங்கும் முற்பணம், பெரிய பெண் சடங்குக்கு வாங்கிய வட்டிக் காசு என்று வேறு உருவங்களில் அது வந்துகொண்டே இருக்கும்.

வாசிக்கும்போது கேட்கவேண்டியது: இந்தக் கதையின் தொடக்கத்தில் இருந்த கடன் முடிவில் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? கணக்குப் புத்தகம் யாரிடம் இருக்கிறது? கடன்பட்டவருக்கு அதை வாசிக்கத் தெரியுமா? பள்ளிக்கூடம் போன முதல் பிள்ளை அந்தப் புத்தகத்தை வாசிக்கும் காட்சி ஒரு கதையில் வந்தால், அங்கே நிறுத்தி வகுப்பில் பேசுங்கள். பல தலைமுறையாகக் கேட்டு மட்டும் வந்த கணக்கை அந்தக் குடும்பம் முதன்முதலாகப் பார்க்கும் நாள் அது.

நிறுவை

இதுதான் மலையகக் கதையின் நடுப்புள்ளி என்பது என் எண்ணம். ஆகவே பயிற்சிக்காக வகுப்பில் எழுதிக்கொண்ட ஒரு சிறு பகுதியை இங்கே தருகிறேன்.

‘பேச்சாயி கூடையைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினாள். முள் பதினெட்டில் போய் நின்றது. கணக்கப்பிள்ளை ஐயா பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு பதினைந்து என்று எழுதினார். “மழைத்தண்ணிக்குங்களாய்யா?” என்று கேட்டாள். “மழைத்தண்ணிக்குத்தான்” என்றார் அவர். படங்கை உதறிக் கட்டிக்கொண்டு பிள்ளைக்காம்பிராவுக்குப் போகும் குறுக்குப் பாதையில் இறங்கினாள். எதிரே வந்த மாமியார், “இன்னைக்குப் பேரு விழுந்துச்சா ஆயி?” என்று கேட்டாள். “பால் கட்டிக்கிருச்சு அத்தே,” என்றாள் பேச்சாயி.’

முதல் வாசிப்பில் இது வெறும் மாலைக் காட்சி. இப்போது கணக்கைப் போடுங்கள். மூன்று கிலோ கழிந்தது. அன்றைய அளவு பதினாறு கிலோ என்றால், ஒரு கிலோவால் அவளுடைய நாள் பாதியாகிவிட்டது. பேர் என்பது செக்றோல் என்னும் தோட்டப் பதிவேட்டில் ஒருவரின் பெயருக்கு நேரே விழும் ஒருநாள் கூலி. அது விழாத நாள் கணக்குப்படி அவள் உழைத்த முழுநாள் ஆகாது, உடம்புப்படி ஆகும். கழிவு நியாயமா, அநியாயமா என்று கதை சொல்லவில்லை. மழைநாளில் ஈரக் கொழுந்து கனக்கும் என்பதும் உண்மை. எவ்வளவு கனக்கும் என்று தீர்மானிப்பது ஒருவரின் பென்சில் என்பதும் உண்மை. அந்த இரண்டு உண்மைகளுக்கும் இடையில்தான் அவள் நிற்கிறாள்.

பிறகு, அவள் கேட்ட விதத்தைப் பாருங்கள். ‘ஏன் குறைச்சீங்க?’ என்று கேட்கவில்லை. கணக்கப்பிள்ளை சொல்லப்போகும் காரணத்தை அவளே எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, அதையே கேள்வியாகக் கேட்கிறாள். எதிர்த்துக் கேட்டால் நாளைக்குக் கொழுந்து இல்லாத தொங்கல் நிரை அவளுக்குக் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் மாமியாருக்கு அவள் சொல்லும் பதிலும் கேள்விக்கான பதில் இல்லை. கைப்பிள்ளையைப் பிள்ளைக்காம்பிராவில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) விட்டுவிட்டு, பால் கட்டி மார்பு கனக்கும் வரை மலையில் நின்றவள் அவள் என்பதை அந்த ஒரு வரி சொல்கிறது. பேர் விழவில்லை என்பதையும் அதே வரி, சொல்லாமல் சொல்லிவிடுகிறது. அனுபவமுள்ள மாமியார் அதற்குமேல் கேட்கமாட்டாள்.

ஒரு பத்திக்கு இவ்வளவு வாசிப்பு தேவையா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. தேவை. என்.எஸ்.எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்ற சிறுகதையை எடுத்துக்கொள்ளுங்கள்: பெண்ணொருத்தி ஒருநாள் வழக்கத்துக்கு மாறாக நிறையக் கொழுந்து எடுத்துவிடுகிறாள், அந்த எடையே அவள்மீது சந்தேகமாகத் திரும்புகிறது. கூடையின் எடை மானத்தின் எடையாக மாறும் இடம் அது. நிறுவையின் முறையை அறியாதவருக்கு அது ஊர்வம்புக் கதை. அறிந்தவருக்கு, உழைப்பை நிரூபிக்கவேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்ட ஒரு பெண்ணின் கதை.

இன்றைய கதைகளிலும் இந்தக் கணக்கு ஓயவில்லை. 2021 ஆம் ஆண்டில் நாட்கூலி 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது, அந்தத் தொகைக்காகப் பல ஆண்டுகள் போராடிய குடும்பங்கள் மகிழ்ந்தன. அதோடு சேர்ந்து எடுக்கவேண்டிய கிலோ எவ்வளவு, மாதத்தில் எத்தனை நாள் வேலை என்ற கேள்விகளும் எழுந்தன. எழுதும் இளையவர்கள் கூலியின் தொகையை மட்டும் எழுதிவிட்டுக் கிலோவை மறந்தால், கதையின் பாதி வெளியே நின்றுவிடும்.

காம்பிரா

லயத்தின் ஒரு காம்பிரா பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. கதையை வாசித்து முடித்ததும், அந்த அளவைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து, கதையில் வரும் ஆட்களை அதற்குள் நிற்கவையுங்கள். தாய், தகப்பன், வயதுக்கு வந்த பெண், படிக்கும் பையன், படுத்த படுக்கையான பாட்டி. அடுப்பு ஒரு மூலை, விறகு ஒரு மூலை. என் வகுப்பில் இதைச் செய்தபோது ஐந்தாவது ஆள் கோட்டுக்கு வெளியே நின்றான். தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ கதை, வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே காம்பிராவில் படுத்தெழ நேர்ந்த ஒரு தகப்பனின் அவமானத்தை ஏன் அவ்வளவு கூசிக் கூசிச் சொல்கிறது என்பதை அதன்பிறகு நான் விளக்கத் தேவையில்லாமல் போயிற்று.

காம்பிராவைப் பற்றி மறக்கக்கூடாத இன்னொரு செய்தி, அது தோட்டத்துக்குச் சொந்தம் என்பது. வேலை போனால் வீடும் போகும். சி.வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ நாவலில் தொழிற்சங்கம் அமைக்க முற்படும் தொழிலாளியின் துயரத்தை இந்த ஒரு விதியே இயக்குகிறது. வீட்டைக் காப்பாற்றுவதற்காகவே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் செக்றோலில் பேர் பதிந்த பிள்ளைகளை நான் அறிவேன். கதையில் ஒரு பிள்ளை படிப்பை நிறுத்தினால் ‘வறுமை’ என்று எழுதிவிட்டு நகராதீர்கள். அந்தக் காம்பிரா யாருடைய பேரில் இருக்கிறது என்று தேடுங்கள். கடிதம் எங்கே வருகிறது என்றும் பாருங்கள். தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கே யாராவது கொடுத்தனுப்பும்வரை காத்திருக்கும் கடிதம் பல கதைகளில் உண்டு. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கழிந்து கைக்கு வருவதைப் பற்றிய கதையை வாசித்தபோது, என் வகுப்பில் யாரும் அதைக் கற்பனை என்று நினைக்கவில்லை.

தாள்

சி.வி. வேலுப்பிள்ளை 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் பாராளுமன்றத்துக்குத் தெரிவான ஏழு பேரில் ஒருவர். அடுத்த ஆண்டே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, மலையக மக்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. 1949 இல் அவரைத் தெரிவுசெய்த மக்களின் வாக்குரிமையும் போயிற்று. தன் வாக்காளர்கள் நாடற்றவர்களாவதைச் சபையில் இருந்தபடியே பார்த்த ஒருவர் பின்னாளில் எழுதிய கதைகள் அவை என்று தெரிந்துகொண்டு வாசித்தால், வீடு, எல்லை, ஊர் போன்ற எளிய சொற்களும் வேறு கனத்தோடு ஒலிக்கும்.

தாளைப் பின்தொடர்வதற்கு மூன்று ஆண்டுகளை நினைவில் வைத்திருங்கள். 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, 1946 ஆம் ஆண்டு தொடங்குவதற்கு முன்னர் மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இங்கே தொடர்ந்து வாழ்ந்ததை நிரூபிக்கவேண்டியிருந்தது. லயத்தில் பிறந்து, பிறப்புப் பதியப்படாமல், கையெழுத்துக்குப் பெருவிரலை வைத்தவர்கள் எதைக் காட்டி நிரூபிப்பார்கள்? எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பித்ததில், ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவானோருக்கே உரிமை கிடைத்தது. அடுத்தது 1964: இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பிரித்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது, மிஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். மூன்றாவது 2003: எஞ்சியிருந்தோருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது.

ஒப்பந்தக் காலக் கதைகளில் ஒரே குடும்பத்துக்குள் இரண்டு நாடுகள் இருக்கும். மூத்தவனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்திருக்கும். மணமான மகளுக்கு இலங்கைப் பதிவு கிடைத்திருக்கும். பாட்டிக்கு இரண்டும் இருக்காது. மலையக ரயில் நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட வண்டியை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றே அழைத்தார்கள். அதைப் பற்றிய கதையை வாசிக்கும்போது மேடையில் யார் நிற்கிறார்கள், வண்டியில் யார் இருக்கிறார்கள் என்று இரண்டு நிரலாக எழுதிப் பாருங்கள். பிறகு, பாட்டி எந்த நிரலில் இருக்கிறார் என்று பாருங்கள்.

மண்ணைத் தேடிப் போனவர்கள்

மலையகத்துத் துயரத்தைத் தேயிலையோடு மட்டும் முடித்துவிடும் வாசிப்பு குறையுள்ளது. தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்ட 1970களில் பஞ்சமும், 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளில் வன்செயல்களும் ஏராளமான குடும்பங்களை வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் தள்ளின. அங்கே காடு வெட்டி, கிணறு தோண்டி, மிளகாயும் உழுந்தும் பயிரிட்டு, முப்பாட்டன் விட்டுவந்த உழவை அவர்கள் மறுபடி கையில் எடுத்தார்கள். பலர் முதலில் பிறர் காணியில் கூலிக்கு நின்றவர்கள். சொந்தக் காணி என்று சொல்லக் கிடைத்தபோது போர் வந்தது. தமிழகத்துக்குப் போனவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியிலும் தேயிலைச் செடிக்கே திரும்பினார்கள்.

இந்தக் கதைகளை வாசிக்கும்போது, குடும்பத்தை மற்றவர்கள் என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று பாருங்கள். தெற்கில் கள்ளத்தோணி. வடக்கில் தோட்டக்காட்டான். கடல் தாண்டினால் சிலோன்காரன். அதே மனிதர், அதே மண்வெட்டி. தமிழ் பேசுபவர்களிடமிருந்தே வந்த இழிசொல்லைத் தமிழ் வகுப்பறைகள் மென்று விழுங்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். கதையில் அந்தச் சொல் இருந்தால், அதை உரத்து வாசியுங்கள். எழுதியவர் அதைத் தெரிந்தே எழுதியிருக்கிறார்.

இதே கண்ணோடு இன்றைய நுவரெலியாவையும் வாசிக்கலாம். தோட்ட வேலைக்குப் பிறகு குத்தகைத் துண்டில் கரட்டும் லீக்ஸும் போடும் குடும்பங்களின் கதையில், 2021 ஆம் ஆண்டின் இரசாயன உரத் தடை ஒரு பாத்திரமாகவே வரக்கூடும்.

யாருடைய வாய் பேசுகிறது

கடன், நிறுவை, காம்பிரா, தாள் என்ற நான்கு கணக்குகளையும் பார்த்த பிறகு, மூன்றாம் வாசிப்பில் மொழியைக் கேளுங்கள். உரையாடலில் ‘ங்க’ எப்போது ஒட்டுகிறது, எப்போது உதிர்கிறது? பிரட்டுக்களத்தில் ‘சரிங்கய்யா’ என்பவர் லயத்துக்கு வந்ததும் மனைவியை ‘ஏய்’ என்றால், மேலே வாங்கிய அடி எங்கே இறங்குகிறது என்று தெரிந்துவிடும். கவ்வாத்து, முள்ளுக்குத்து, கொந்தரப்பு, கொங்காணி போன்ற சொற்களுக்குப் பொருள் தெரியாவிட்டால் அகராதிக்கு முன் தோட்டத்து ஆளைக் கேளுங்கள்.

கதையைச் சொல்பவர் எங்கே நிற்கிறார் என்பதும் முக்கியம். தோட்ட வாழ்வை வாழ்ந்தறியாத புதுமைப்பித்தன் 1935 இல் எழுதிய ‘துன்பக்கேணி’, திருநெல்வேலிக் கிராமத்திலிருந்து இலங்கைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் துயரத்தைக் கோபத்தோடு சொல்கிறது. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ ஒப்பந்தம் கைச்சாத்தான அதே 1964 இல் வெளிவந்தது. அதுவும் தமிழகத்திலிருந்து வரும் பெண்ணின் வாழ்வைத்தான் சொல்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்து, தோட்டத்தில் ஒரு சாதாரண நாள் எதில் நீளமாக எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தொலைவிலிருந்து எழுதுபவருக்குக் கொடுமை பெரிதாகத் தெரியும்; உள்ளே இருந்து எழுதுபவருக்கு நாள் பெரிதாகத் தெரியும். இரண்டும் வேண்டும் என்பதே என் கருத்து. ஆயினும் முதலில் எதைக் கையில் கொடுப்பது என்று கேட்டால், நாளை எழுதியதைத்தான் கொடுப்பேன்.

இரக்கம் வாசிப்பைக் கெடுக்கும் இடமும் உண்டு. மாணவர்களின் விடைத்தாள்களில் ‘அப்பாவித் தொழிலாளர்கள்’ என்ற தொடர் அடிக்கடி வருகிறது. 1940 இல் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டுப் போராடியபோது துப்பாக்கிச் சூட்டில் இறந்த கோவிந்தன் அப்பாவி இல்லை. அவர் எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்டவர். காமன் கூத்தில் ரதியும் மதனும் விடியவிடிய ஆடும் லயத்தில் சிரிப்பும் கேலியும் உண்டு. கதையில் யார் சிரிக்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோங்கள்

கடைசிப் படி, கதையைப் புத்தகத்திலிருந்து வெளியே எடுப்பது. தோட்டத்தில் வேலை செய்த மூத்தவர் ஒருவரிடம் அதை உரத்து வாசித்துக் காட்டுங்கள். அவரிடம் ‘உங்க கஷ்டத்தைச் சொல்லுங்க’ என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் கூட்டத்தில் பேசுவதுபோலப் பேசுவார், அல்லது பேசாமல் இருந்துவிடுவார். கதையை மட்டும் வாசியுங்கள். அவரே எங்கேயாவது குறுக்கிடுவார். 1983 வன்செயல்களையோ கோச்சியில் பிரிந்தவர்களையோ தொடும் கதை என்றால், முன்கூட்டியே அதைச் சொல்லி, கேட்க விருப்பமா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அவர் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனால், அன்றைக்குப் புத்தகத்தை மூடிவிடுங்கள்.

பிறகு நீங்களும் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். வீட்டில் பழைய சம்பளச் சீட்டு ஒன்று தகரப் பெட்டியில் இருக்கும். அதில் உள்ள ஒரு கழிவை, ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு, அது கழிக்கப்பட்ட நாளின் மாலை நேரத்தை எழுதுங்கள். அழுகை வேண்டாம்; ‘பாவம்’ என்ற சொல்லும் வேண்டாம். எழுதியதை வீட்டிலேயே உரத்து வாசியுங்கள். அடுப்படியிலிருந்து யார் எந்த இடத்தில் குறுக்கிட்டுக் கேட்கிறார்களோ, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, அங்கிருந்து மறுபடி எழுதத் தொடங்குங்கள்.